ஓர் உலையும் ஒரு நிச்சயதார்த்தமும்

மின்துறை வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு வகுப்பெடுத்தவர்கள் எல்லோரும் ஒரு வளைகோட்டைப் போட்டுக் காட்டியிருப்பார்கள். பகல் முழுக்கச் சூரியத் தகடுகள் தரும் மின்சாரம் மாலை ஆறு மணிக்குச் சரியும். அதே நேரத்தில் ஊரே விளக்கைப் போடும். நடுவில் விழும் பள்ளத்தை நிலக்கரி எரிக்காமல் எப்படி நிரப்புவது, நஷ்டப்படாமல் எப்படி நிரப்புவது என்பதுதான் உங்கள் காலத்துக் கேள்வி என்று சொல்லியிருப்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த ஆறு மணி எங்களுக்கும் இருந்தது. எங்களிடம் சூரியத் தகடும் இல்லை, பேட்டரியும் இல்லை. ஒரு டெலிபோன் இருந்தது. அதில் யாரையாவது கூப்பிட்டு, "கொஞ்ச நேரம் நிறுத்திக்கொள்ள முடியுமா" என்று கேட்கலாம். அப்படிக் கேட்டு வந்த ஒரு காலத்தைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன். மற்றதெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் இருந்த ஒரு துணை மின் நிலையத்துக்கு நான் பொறுப்பு. அங்கே வேலை பார்த்தவர்களில் நான் ஒருத்திதான் பெண். யாரும் என்னை மரியாதைக் குறைவாக நடத்தவில்லை; அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் மத்தியானம் எல்லோரும் வேப்பமரத்தடியில் சாப்பாட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு வட்டமாக உட்கார்வார்கள். நான் போனால் பேச்சு நின்றுவிடும். இரண்டு நாள் போய்ப் பார்த்தேன். மூன்றாம் நாளிலிருந்து என் அறைக்குள்ளேயே, மின்விசிறி சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சாப்பிடப் பழகிவிட்டேன்.

சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். அம்மா அண்ணன் வீட்டில் இருந்தாள். கல்யாணம் அமையவில்லை, அந்தக் கதை இங்கே வேண்டாம். திருமுல்லைவாயிலில் ஒரு வீட்டின் மாடியில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருந்தேன். கீழே வீட்டுக்காரர்கள். வேலு அண்ணன் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை செய்தார். அவர் அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம். மகனுக்குத் தொழிற்சாலை வேலை கிடைத்து, கடன் வாங்கிக் கட்டிய வீடு அது. அவர் மனைவி சரோஜா அக்கா வீட்டிலேயே துணி தைத்தாள். தையல் மிஷினுக்கு மோட்டார் வைத்திருந்தாள். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் அந்த மோட்டார் முனகிக்கொண்டு நின்றுவிடும். உடனே மாடிப்படியில் குரல் வரும்.

"இன்ஜினியரம்மா, உன் கரண்ட்டு இன்னாத்துக்கு இப்டி இழுத்துகினு கீது? மிஷினு நவுர மாட்டேங்குது."

"எல்லாரும் ஒரே நேரத்துல போடுறாங்கக்கா."

"அப்ப எல்லார் ஊட்லயும் போயி நிறுத்தச் சொல்லு. எனக்கு நாளைக்கு ரவிக்கை குடுக்கணும்."

அப்படித்தான் அவள் என்னோடு பேச ஆரம்பித்தாள். ஆறு மாதத்தில் இரவுச் சாப்பாடு கீழே என்று ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை டிவியில் பாட்டுப் போடும்போது அவளும் அவள் மகள் கோமதியும் எனக்கென்று ஒரு பாயை விரித்து வைத்திருப்பார்கள். அந்த ஊரில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆள் ஒருவரும் கிடையாது. அவளும் இன்ஜினியரம்மா என்றுதான் கூப்பிட்டாள். ஆனால் அவள் கூப்பிட்டால் அது பெயர் மாதிரி இருக்கும்.

அந்த வருஷம் பங்குனி வெயிலில், நிலையத்தில் இருந்த இரண்டு பெரிய டிரான்ஸ்பார்மர்களில் ஒன்று பழுதாகிவிட்டது. கழற்றி லாரியில் ஏற்றி அனுப்பினோம். திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். அதுவரை எல்லாச் சுமையையும் மற்ற ஒன்றுதான் தாங்க வேண்டும். பகலில் தாங்கியது. மாலை ஆறு மணிக்கு மேல் தாங்கவில்லை.

எங்கள் நிலையத்திலிருந்து நான்கு பாதைகள் கிளம்பின, பீடர் என்போம். ஒன்று தொழிற்பேட்டைக்கு. மூன்று வீடுகள் உள்ள பகுதிகளுக்கு. மேலிடத்திலிருந்து வந்த உத்தரவு தெளிவாக இருந்தது: பேட்டையைத் தொடாதீர்கள், வருமானம் அங்கேதான் இருக்கிறது, வீடுகளை மாற்றி மாற்றி நிறுத்துங்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. வருமானம் இல்லாமல் எந்த வலையமைப்பும் நிற்காது. ஆனால் தினமும் சாயங்காலம் ஒவ்வொரு பகுதியாக இருட்டாக்கிவிட்டு, அதே இருட்டில் தெருவைத் தாண்டி என் அறைக்குப் போக வேண்டியிருந்தது. பரீட்சைக் காலம். வாசலில் மெழுகுவர்த்தி வைத்துப் பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பார்கள். நான் போகும்போது யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு பேட்டைக்குக் கிளம்பினேன். உத்தரவு நிறுத்தக் கூடாது என்றுதான் சொன்னது, கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை.

பேட்டையில் மின்சார உலை வைத்து இரும்பு உருக்கும் வார்ப்பாலைகள் ஐந்து இருந்தன. மற்ற பட்டறைகளெல்லாம் சேர்ந்து இழுக்கும் மின்சாரத்தை அந்த ஐந்தும் இழுத்தன. அதில் பெரியது தாமோதரன் என்பவருடையது. கோயம்புத்தூர்க்காரர். தனி அறை, ஏசி எதுவும் கிடையாது. உலைக்குப் பக்கத்திலேயே ஒரு மேஜையைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சாயங்காலம் ஆறுலேர்ந்து ஒன்பது வரைக்கும் உருக்காம இருக்க முடியுமா சார்?" என்றேன்.

"ஏனுங்க மேடம், அப்ப நான் எப்பத்தான் உருக்கறது?"

"விடியக்காலையில. அந்த நேரத்துல ஊரே தூங்குது. வோல்டேஜ் நல்லா இருக்கும்."

"ஆளுங்க வரோணுமல்லங்க. அந்நேரத்துக்கு ஏது பஸ்ஸு?"

அது நியாயமான கேள்வி. நான் அவருடைய ஆட்களிடமே கேட்டேன். வேன் அனுப்பினால் வருகிறோம், ஒரு டீயும் பன்னும் கொடுத்தால் போதும், மத்தியானமே வீட்டுக்குப் போய்விடலாமே என்றார்கள். தாமோதரன் யோசித்துவிட்டு ஒரு வாரம் பார்க்கிறேன் என்றார். அவர் ஒத்துக்கொண்டதும் மற்ற நான்கு பேரும் ஒத்துக்கொண்டார்கள். கையெழுத்து எதுவும் இல்லை. வெறும் வாய்வார்த்தை.

ஒரு வாரம் கழித்து அவரே போன் செய்தார். "மேடம், வெடியால ஓட்டுனா உருக்கு சீக்கிரம் எறங்குதுங்க. யூனிட்டும் கம்மியா ஓடுது. இத்தன வருசமா யாருமே சொல்லலீங்களே" என்றார். வோல்டேஜ் சரியாக இருந்தால் உலை வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொள்ளும். அவருக்குச் செலவு குறைந்தது. பாதையில் வீணாகச் சூடாகிப் போகும் மின்சாரம் எங்களுக்குக் குறைந்தது. எண்ணூர் அனல்மின் நிலையத்தில் அந்த மாலை நேரத்துக்காக எரிய வேண்டிய நிலக்கரியில் ஒரு கை அளவாவது எரியாமல் இருந்திருக்கும். எதையும் புதிதாகக் கட்டாமல், ஒரு நேரத்தை இன்னொரு நேரத்துக்கு நகர்த்தியதில் கிடைத்தது அது. நீங்கள் இன்று பெரிய பெயர்கள் வைத்துச் செய்யும் காரியம்தான்.

எங்கள் தெருக்களில் சாயங்கால இருட்டு நின்றது. மூன்று வாரம் ஒரு நாள்கூட நிறுத்தவில்லை. அப்போதுதான் கோமதிக்கு வரன் வந்தது. பையன் பூந்தமல்லிப் பக்கம், அரசு வேலை. வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டோடு நிச்சயதார்த்தம் என்று முடிவானது. சரோஜா அக்கா என்னைக் கீழே கூப்பிட்டாள்.

"ஆறரைக்குத் தட்டு மாத்தறோம். கரண்ட்டு இருக்குமா?"

"இருக்கும்க்கா."

"நிச்சயமா?"

"மூணு வாரமா இருக்குதுல்ல. அன்னிக்கும் இருக்கும். அஞ்சு மணிக்கே வந்துடறேன், தட்டு அடுக்க."

அந்த வார்த்தையைச் சொல்ல எனக்குக் காரணம் இருந்தது. மூன்று வாரமாகச் சுமை காட்டும் மானியின் முள் அப்படித்தான் காட்டியது. அதற்கென்று ஒரு பட்டுப்புடவைகூட எடுத்தேன். யாருடைய நல்ல காரியத்துக்கும் புடவை எடுத்து நெடுநாள் ஆகியிருந்தது.

வியாழக்கிழமை நாலரை மணிக்கு லைன்மேன் முனுசாமி என் அறை வாசலில் வந்து நின்றார். ஐம்பது வயதுக்காரர். அதிகம் பேச மாட்டார்.

"மேடம், உங்க ஊட்டாண்ட விசேஷம்னாங்களே. கெளம்புங்க, நாங்க பாத்துக்கறோம்."

கிளம்பத்தான் எழுந்தேன். போகிற போக்கில் மானியைப் பார்த்தேன். அந்நேரத்துக்கெல்லாம் தொழிற்பேட்டைச் சுமை இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. கைப்பையை மறுபடி மேஜைமேல் வைத்தேன்.

ஐந்தரைக்கும் இறங்கவில்லை. தாமோதரனுக்குப் போன் செய்தேன். எடுத்தவுடனே அவர் குரலில் தெரிந்துவிட்டது.

"நானே கூப்புடலாம்னு இருந்தனுங்க. காலையிலயே கிரேன் மோட்டார் போயிருச்சு. உருக்க ஊத்த முடியல. கிரேனச் சரி பண்ணி, ரெண்டாவது உருக்கு இப்பத்தான் போட்டிருக்கோம். பாதி உருகி நிக்குதுங்க."

"நிறுத்தி வைக்க முடியாதா?"

"நிறுத்தினா உள்ளயே கட்டியாயிரும் மேடம். உலையோட உள்பூச்சு போச்சு. அது மட்டுமில்லீங்க, கரண்ட் நின்னா தண்ணிப் பம்பும் நிக்கும். மேல்தொட்டித் தண்ணி கொஞ்ச நேரந்தான் தாங்கும். அதுக்கப்புறம் பக்கத்துல ஆள நிறுத்த எனக்குத் தைரியமில்ல."

உலையைச் சுற்றிக் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் குழாய் உருகும். உருகிய இரும்பும் தண்ணீரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "எவ்வளவு நேரம் வேணும்?" என்று கேட்டேன். "ஏழு மணிக்குள்ள ஊத்திருவோம்" என்றார்.

ஆறு மணிக்கு ஊர் விளக்கைப் போட ஆரம்பித்தது. டிரான்ஸ்பார்மர் எண்ணெயின் சூடு ஏறிக்கொண்டே போனது. எச்சரிக்கை மணி அடித்தது. பேட்டையில் மற்ற பட்டறைகளை நிறுத்தச் சொல்லலாம் என்று பார்த்தால், போன் உள்ள இரண்டு பேர்தான் கிடைத்தார்கள். அவர்கள் நிறுத்தியும் போதவில்லை. அந்த ஒரு டிரான்ஸ்பார்மரும் போய்விட்டால் வாரக்கணக்கில் நான்கு பாதையும் இருட்டு, உலையும் போகும்.

நகரத்தின் மையக் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தேன். அங்கே ஒருவர் இருந்தார். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை, பெயரும் தெரியாது. ஆனால் பல வருஷமாகத் தினமும் பேசிய குரல். அன்றைக்கு அவர்தான் எடுத்தார். பக்கத்து நிலையத்திலிருந்து கொஞ்சம் மாற்றிக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன்.

"அங்கயும் நிரம்பித்தாம்மா கிடக்கு. நீங்க ஏதாவது ஒண்ணை எடுத்துத்தான் ஆகணும்."

"எதைன்னு நீங்க சொல்லுங்க சார்."

 "சொல்லலாம். ஆனா எனக்கு இங்க தெரியறது நம்பர் மட்டும்தான். உங்களுக்கு அங்க ஆள் தெரியும்" என்றார்.

"அதுதான் சார் கஷ்டமா இருக்கு."

"இருக்கும். இருந்தாலும், ஆள் தெரியாதவன் நிறுத்தறதைவிடத் தெரிஞ்சவங்க நிறுத்தறது மேல்."

போனை வைத்துவிட்டேன். யோசிக்க அதிகம் இருக்கவில்லை. வீடுகளுக்குப் போகும் மூன்று பாதைகளில் ஒன்றில் பிரசவ ஆஸ்பத்திரியும் குடிநீர்ப் பம்பும் இருந்தன. அதைத் தொட முடியாது. இரண்டாவது சின்னது, எடுத்தாலும் சூடு இறங்காது. மூன்றாவதை எடுத்தால் சரியாக இருக்கும். அது திருமுல்லைவாயில் பாதை. சரோஜா அக்கா வீட்டுப் பாதை.

கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு இருபது. பையன் வீட்டார் வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஷிப்டில் இருந்த ஆபரேட்டர் சுவிட்சின் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்விட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். எல்லோருக்கும் விஷயம் தெரியும். "நீங்க நகருங்க" என்று சொல்லிவிட்டு நானே திருப்பினேன். அந்தப் பாதையின் விளக்கு பச்சையானது. எங்கள் பலகையில் பச்சை என்றால் உயிர் இல்லை என்று பொருள்.

முனுசாமியைக் கூப்பிட்டுக் கடைத்தெருவில் வாடகைக்கு இரண்டு பெட்ரோமாக்ஸ் எடுத்துக்கொண்டு ஓடச் சொன்னேன். "யார் நிறுத்தினதுன்னு கேட்டா, நான்தான்னு சொல்லிடுங்க" என்றேன்.  அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சூடு மெல்ல இறங்கியது. ஏழு மணிக்குச் சற்று முன்னால் தாமோதரன் கூப்பிட்டார். "ஊத்தியாச்சுங்க மேடம்" என்றார்.  பேட்டைச் சுமை இறங்கியதும் திருமுல்லைவாயில் பாதையைச் சேர்த்தேன். மொத்தத்தில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். ஒரு டிரான்ஸ்பார்மரும் ஓர் உலையும் அதன் பக்கத்தில் நின்ற ஆட்களும் பிழைத்தார்கள். எங்கள் வேலைக் கணக்கில் அது நல்ல மாலை.

முனுசாமி திரும்பி வந்தபோது இரண்டு பெட்ரோமாக்ஸும் சைக்கிளிலேயே தொங்கிக்கொண்டிருந்தன.

"குடுக்கலியா?"

"நான் போறதுக்குள்ள அவங்க கெளம்பிட்டாங்க மேடம்."

"யாரு?"

"மாப்ள ஊட்டுக்காரங்க. தட்ட எடுக்கறப்ப கரண்ட் போச்சாம். பையனோட மாமங்காரரு சகுனம் சரியில்லன்னு எழுந்துட்டாராம். விளக்கு ஏத்திகினு வர்றதுக்குள்ள எல்லாரும் வேன்ல ஏறிட்டாங்க."

நான் வீட்டுக்குப் போனபோது தெருவெல்லாம் விளக்கு எரிந்தது. அவர்கள் வீட்டில் மட்டும் அளவுக்கு அதிகமாக வெளிச்சம் இருந்த மாதிரி தோன்றியது. விரித்த ஜமக்காளம் மடிக்காமல் கிடந்தது. பழமும் பூவும் வெற்றிலையும் வைத்த தட்டுகள் வரிசையாக, எடுக்கப்படாமல் இருந்தன. வேலு அண்ணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கோமதி உள்ளே இருந்தாள். சரோஜா அக்கா வாசற்படியில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"கரண்ட்டு தானா போச்சா?"

"இல்லக்கா. நான்தான் நிறுத்தினேன்."

"உன்னைய நிறுத்தச் சொன்னாங்களா?"

"எதையாவது நிறுத்தச் சொன்னாங்க. இதை எடுத்தது நான்."

"இன்னா நேரம்னு தெரியும்ல?"

"தெரியும்."

 நான் உலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். தண்ணீர்ப் பம்பு, ஆட்கள், ஆஸ்பத்திரி. அவள் கையை உயர்த்தினாள். கேட்டது போதும் என்பது போல.

"வேற எவனோ நிறுத்திட்டான்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். "நான் நம்பிகினு இருந்திருப்பேன். நாளிக்கு உன்கூட குந்திச் சாப்பிட்டிருப்பேன்."

  மாடிக்குப் போனேன். புதுப்புடவை கட்டிலின் மேல் மடிப்புக் கலையாமல் இருந்தது.

அந்தச் சம்பந்தம் திரும்பி வரவில்லை. இரண்டு நாள் கழித்துத் தாமோதரன் காரில் நிலையத்துக்கு வந்தார், கையில் இனிப்புப் பெட்டியோடு. நல்ல மனதோடுதான் வந்தார். நான் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "அந்தம்மா ஊட்டுக்கு நானே வந்து சொல்றனுங்க" என்றார். வேண்டாம் என்றேன். ஆனால் கார் வந்ததைத் தெருவிலிருந்த யாரோ பார்த்துவிட்டார்கள். 'பேக்டரிக்காரங்க நல்லா கவனிச்சிட்டாங்க போல' என்ற பேச்சு என் காதுக்கே வந்தது. மறுக்க வேண்டுமென்றால் யாரைக் கூப்பிட்டு மறுப்பது? அப்படிப்பட்ட பேச்சுக்கு வாசல் கிடையாது, போய்க் கதவைத் தட்ட.

சரோஜா அக்கா என்னைக் காலி செய்யச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேறு தெருவுக்குப் போயிருப்பேன். பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். மாதா மாதம் வாடகையை வேலு அண்ணனிடம் கொடுப்பேன். கோமதி மாடிப்படியில் எதிர்ப்பட்டால் தலையைக் குனிந்து ஒதுங்குவாள். கோபமா, கூச்சமா என்று எனக்குப் புரிந்ததில்லை. சாயங்காலம் கீழே மிஷின் ஓடும் சத்தம் கேட்கும். வோல்டேஜ் இறங்கினால் சத்தம் முனகலாக மாறும். நான் படியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யாரும் கூப்பிட மாட்டார்கள். வெள்ளிக்கிழமைகளில் பாட்டு மேலே வரைக்கும் கேட்கும்.

உங்களில் சிலருக்கு இந்தத் தனிமை வரும். உங்கள் கணக்கு சரியாக இருந்ததால் அது வராமல் போகும் என்று நினைக்காதீர்கள். சரியாகக் கணக்குப் போட்டவர்களுக்குத்தான் அது அதிகம் வரும் என்றுகூட எனக்குத் தோன்றியதுண்டு. தப்பாகப் போட்டிருந்தால் போய் மன்னிப்பாவது கேட்கலாம்.

பழுதான டிரான்ஸ்பார்மர் திரும்பி வந்தது. இனிமேல் வார்ப்பாலைகளை விடியற்காலையில் ஓட்டச் சொல்ல வேண்டியதில்லை என்று மேலிடத்தில் சொன்னார்கள். நான் போய் ஐந்து பேரிடமும் அதைச் சொன்னேன். இரண்டு பேர் உடனே பழைய நேரத்துக்கு மாறிக்கொண்டார்கள். மூன்று பேர், தாமோதரனும் சேர்த்து, மாறவில்லை. யாருக்கும் உதவி செய்வதற்காக இல்லை. அதில் அவர்களுக்கு லாபம் இருந்தது. அது என்னை மிகவும் யோசிக்க வைத்தது. கஷ்ட காலத்தில் தயவுக்காக ஒத்துக்கொண்டது கஷ்டம் தீர்ந்ததும் போய்விடும். லாபத்தோடு சேர்ந்தது நிற்கும். அதற்குப் பிறகு நான் போன இடமெல்லாம், திருமழிசையில் புதிதாக வந்த பட்டறைகளிடமும்கூட, முதலில் அவர்களுக்கு என்ன மிஞ்சும் என்பதைத்தான் பேசினேன். நிலக்கரியைப் பற்றிய நினைப்பை என் மனதுக்குள் வைத்துக்கொண்டேன். சாயங்காலச் சுமை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. யாரும் பாராட்டவில்லை. நடக்காமல் போன மின்வெட்டை யார் கவனிப்பார்கள்?

அந்த வருஷம் போய் மறு வருஷம் ஆவணி மாதம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலு அண்ணன் மாடிக்கு வந்தார். உள்ளே வரவில்லை, கதவருகிலேயே நின்றார்.

"கோமதிக்குக் கல்யாணம் வச்சிகீறோம்மா. பையன் என்கூட வேலை செய்யறவரோட தம்பி. இங்கியே மண்டபம் புடிச்சிட்டோம்."

"ரொம்ப சந்தோஷம்ணே."

அவர் கையில் பத்திரிகை எதுவும் இல்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரோஜா ஒண்ணு சொல்லச் சொல்லுச்சு. தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்கண்ணே."

"நீங்க கல்யாணத்துக்கு வர வேணாம்னுச்சு." துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். "ஆனா ரிசப்ஷன் அன்னிக்கு சாயந்தரம் உங்களயே டூட்டில இருக்கச் சொல்லுச்சு."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போய்விட்டார்.

அன்றைக்கு முனுசாமியையும் மற்றவர்களையும் கல்யாணத்துக்கு அனுப்பிவிட்டு, மூன்று மணிக்கே போய் உட்கார்ந்துகொண்டேன். ஆபரேட்டர் ஒருவர் மட்டும் கூட இருந்தார். ஆறு மணிக்கு ஊர் விளக்கைப் போட்டது. முள் ஏறியது, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. ஏழு மணி வாக்கில் மாப்பிள்ளை ஊர்வலம் எங்கள் சுற்றுச்சுவரை ஒட்டி பேண்டு வாத்தியத்தோடு போனது. ஆபரேட்டர் எழுந்து ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தார். "பொண்ணு உங்க ஊட்டுப் பொண்ணுதானே மேடம்?" என்றார். ஆமாம் என்றேன். நான் எழுந்திருக்கவில்லை. அந்தப் பாதையின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மறுபடியும் நிறுத்தியே ஆக வேண்டும் என்று வந்திருந்தால் அன்றைக்கும் நிறுத்தியிருப்பேன். அது சரோஜா அக்காவுக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அப்படி ஒன்றும் வரவில்லை.

அவள் என்னை மன்னித்தாளா என்று கேட்காதீர்கள். அடுத்த வருஷமே எனக்கு மாற்றல் வந்துவிட்டது. கிளம்பும்போதுகூட அவள் தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தன் மகள் கல்யாணத்தன்று நிலையத்தில் என் நாற்காலியில் வேறு யாரும் உட்காரக் கூடாது என்று அவள் நினைத்தாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.